பர்மாவுக்குப் போட்ட பாட்டு

கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டரை நிறுவியவர்களின் நினைப்பில் திருச்சியும் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தை தில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். அவருக்குக் கீழே பர்மாவில் போரிட்ட 14ஆவது படையின் சிப்பாய்கள், 'மறக்கப்பட்ட படை' என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். லண்டன் பத்திரிகைகளின் கண்ணெல்லாம் ஐரோப்பாவின் மேல். இங்கேயோ மலேரியா, மழை, சேறு. பாடகி வேரா லின் அந்த ஆண்டு பர்மா வரைக்கும் வந்து பாடிவிட்டுப் போனார். ஆனால் ஒருவர் எத்தனை முகாமுக்குத்தான் போக முடியும்? அதற்குத்தான் அந்தத் தலைமையகத்தின் வானொலியான 'ரேடியோ சியாக்'. தொடக்கத்தில் வெறும் 7.5 கிலோவாட். பெரிய டிரான்ஸ்மிட்டர் முழு வீச்சில் பேசத் தொடங்கியபோது 1946 ஆகிவிட்டது. ஜப்பான் சரணடைந்து மாதங்கள் பல ஓடியிருந்தன.

வீண் செலவு என்று தோன்றும். அப்படியில்லை. போர் முடிந்தும் ஊர் திரும்பக் கப்பல் கிடைக்காமல் பல்லாயிரம் பேர் முகாம்களிலேயே அடைந்து கிடந்தார்கள். 1946 ஜனவரியில் கராச்சியில் தொடங்கிய பிரிட்டிஷ் விமானப்படையினரின் வேலைநிறுத்தம் இலங்கை, சிங்கப்பூர் வரை பரவியது என்றால் அவர்கள் மனநிலையைப் புரிந்துகொள்ளலாம். குண்டு விழும்போது பாட்டு தேவைப்பட்டதோ என்னவோ, சும்மா உட்கார்ந்திருந்தவனுக்குக் கட்டாயம் தேவைப்பட்டது. ரேடியோ சியாக்கின் மைக் முன்னால் உட்கார்ந்த டேவிட் ஜேக்கப்ஸ், டெஸ்மண்ட் கேரிங்டன் போன்ற இளைஞர்கள் பிறகு பல்லாண்டுக் காலம் பிபிசியின் குரல்களாக இருந்தார்கள்.

1949இல் நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. பட்டாளம் போய்விட்டது, டிரான்ஸ்மிட்டர் இங்கேயே தங்கிவிட்டது. மலாயாவை எட்டுவதற்காகக் கட்டிய அலைக்குப் பாக் நீரிணை ஒரு பொருட்டா? 1950இல் ரேடியோ சிலோன் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர், அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தார். அப்புறம் சொல்லவா வேண்டும்! நேயர்கள் சிலோன் பக்கம் திரும்பினார்கள்: வடக்கே பினாகா கீத்மாலா என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி, தெற்கே தமிழ் அறிவிப்பாளர் மயில்வாகனன் குரல். பட்டாளத்துக்கு வாங்கிய சாமானில் தமிழ்நாடே பாட்டுக் கேட்டது. நேயர்களை மீட்பதற்காக 1957இல் தில்லி தொடங்கிய விவித்பாரதியின் பேர்போன நிகழ்ச்சிகளில் ஒன்று 'ஜெய்மாலா': எல்லையில் நிற்கும் ஜவான்களின் விருப்பப் பாடல்கள். சுற்றிச் சுற்றிக் கதை சிப்பாயிடமே வந்து நின்றது.

இன்றும் படை வானொலிகள் இருக்கின்றன. அமெரிக்கப் படைகளுக்கான ஏஎஃப்என் கலிபோர்னியாவின் ரிவர்சைடிலிருந்து நிகழ்ச்சிகளை அனுப்புகிறது; 1943இல் பிறந்த பிரிட்டனின் பிஎஃப்பிஎஸ் சைப்ரஸிலும் ஃபாக்லாந்திலும் கேட்கிறது. ஆனால் சிப்பாய் அதற்காகக் காத்திருப்பதில்லை. பிள்ளை பிறந்த சேதியை அறிவிப்பாளர் வாசித்துக் கேட்ட காலம் போய், பிள்ளை முகத்தையே வீடியோ அழைப்பில் பார்க்கிறான். இதைவிட அது மேல் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

சங்கடம் வேறொரு பக்கம் இருக்கிறது. ரேடியோ சியாக் கேட்டவன் எந்தக் காட்டில் இருந்தான் என்பது கொழும்புக்கே தெரியாது. அலை ஒருவழிப் பாதை. கைபேசியோ கேட்கும்போதே பேசவும் செய்கிறது. 2018இல் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலியின் உலக வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்கள் வழியே பாலைவனத்து ராணுவத் தளங்கள் பளிச்சென்று தெரிந்தன. 2023 புத்தாண்டில் உக்ரைனின் மாக்கீவ்காவில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தை ராக்கெட்டுகள் தாக்கின. தடையை மீறிப் பலர் கைபேசி பயன்படுத்தியதே முக்கியக் காரணம் என்றது ரஷ்ய ராணுவம். இறந்தவர்கள் 89 பேர் என்பதும் அதன் கணக்குத்தான். இப்போது போர்முனைக்குப் போகும் வீரனிடம் படை அதிகாரி முதலில் கேட்பது கைபேசி எங்கே என்றுதான்.