எபிரேயத்தில் சொல்லும் அதன் துணையும்

'தோகை' என்னும் தமிழ்ச் சொல்லே எபிரேயப் பழைய ஏற்பாட்டில் 'துக்கி' என வழங்கிற்று என்று கால்டுவெல் எழுதியதைத் தமிழாசிரியர் பலரும் அறிவர். அம்மொழியைப் பற்றி நம்மிடையே எழும் பேச்சு பெரும்பாலும் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறது. ஈண்டுக் கூறப்புகுவது வேறு. எபிரேய எழுத்தும் இலக்கணமும் கற்று, 2,000 சொற்களை நெட்டுருவும் செய்த ஒருவர், அம்மொழியில் ஓர் அலுவலகக் கடிதம் எழுத உட்கார்ந்தவுடன் இடர்ப்படுகிறாரே, அஃது ஏன்?

அவர் சொற்களைத் தனித்தனியே கற்றார். அவையோ துணையோடு வாழ்வன. உடன்படிக்கைக்கு எபிரேயத்தில் 'பிரித்' என்று பெயர். 'செய்தான்' என்று பொருள்படும் வினையை அதனோடு சேர்த்தால் கேட்போருக்கு விளங்கும். ஆயினும் உயர்நடை அதனை ஏற்காது. 'காரத் பிரித்', அதாவது 'உடன்படிக்கையை வெட்டினான்' என்பதே மரபு. விலங்குகளை இரண்டாகப் பிளந்துவைத்து உடன்படிக்கை செய்யும் பண்டைச் சடங்கொன்று ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் வருகிறது. இத்தொடரை அதனோடு இயைத்துக் காண்பர் அறிஞர். சடங்கு மறைந்தது, வினை மறையவில்லை. இன்று இரு நாடுகள் கூட்டணி அமைத்தாலும் அதனை 'வெட்டுவதே' எபிரேய வழக்கு.

'நாசா' என்னும் வினை இன்னும் சுவையானது. சுமந்தான், தூக்கினான் என்பன அதன் பொருள். மரம் கனியைச் சுமக்கிறது. இது நமக்கும் எளிது. தலைவர் சொற்பொழிவைச் சுமக்கிறார்; ஆடவன் ஒரு பெண்ணைச் 'சுமந்தால்' அவளை மணந்துகொண்டான் என்பது பொருள். கண்ணைத் தூக்கினால் ஏறிட்டுப் பார்த்தல்; குரலைத் தூக்கினால் உரக்கப் பேசுதல். 'மஸா உமத்தான்' என்ற இணைமொழியும் இவ்வேரில் கிளைத்ததே. எடுத்தலும் கொடுத்தலும் என விரியும் இது, பண்டை யூத நூல்களில் வணிகத்தைக் குறித்தது. நம் 'கொடுக்கல் வாங்கல்' அப்படியே நினைவுக்கு வருகிறதன்றோ? இன்றோ அரசுகள் நடத்தும் பேச்சுவார்த்தைக்கு அதுவே பெயர்.

'ஹெத்தில்' என்பது எறிந்தான், இட்டான் எனப் பொருள்படும் வினை. கோழி முட்டையையும், அரசு வரியையும், நீதிமன்றம் தண்டத்தையும், ஐயுறுவோன் ஐயத்தையும் இந்த ஒரே வினையால் 'இடுகின்றனர்'. முட்டையிடு, கட்டளையிடு, சண்டையிடு என்று நம் 'இடு' பல பெயர்களோடு கூடுவதை வகுப்பில் விளக்கியவர்கட்கு இது புதிதன்று. ஆனால் எந்தப் பெயர் எந்த வினையோடு கூடும் என்பது மொழிக்கு மொழி வேறு. அதனை ஊகித்து எழுதும்போதே பிழை புகுகிறது.

இத்துணைகள் ஒரே காலத்தில் அமைந்தவையும் அல்ல. விவிலியத்தில் 'லாகஹ்' என்பது எடுத்தான் என்று பொருள்படும். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னாவின் மொழியில் அது 'விலைக்கு வாங்கினான்' என மாறி, எடுத்தலுக்கு 'நாத்தல்' வந்தது. இன்றைய பேச்சில் 'லாகஹ்' மீண்டும் எடுத்தலையே குறிக்கிறது; வாடிக்கையாளரைக் குறிக்கும் 'லகோஹ்' மட்டும் அந்த இடைக்கால வாங்குதலைக் காத்து நிற்கிறது. ஒருவர் பங்கெடுத்ததைத் தெருவில் 'லாகஹ் ஹேலெக்' என்பர்; ஏட்டில் 'நாத்தல் ஹேலெக்' என்று எழுதினால்தான் நடை உயரும். முடிவு செய்தலை 'முடிவைப் பெறுதல்' என்பதும் உண்டு. ரஷ்ய மொழி வழக்கும் இதனை ஒத்ததே.

எபிரேயத்தில் இச்சிக்கலுக்கு மற்றொரு முகமும் உண்டு. செய்தித்தாளும் கடிதமும் உயிர்க்குறியின்றி எழுதப்படுகின்றன. சாமெக், பே, ரேஷ் என்ற மூன்று மெய்களைச் 'சேஃபெர்' என்று படித்தால் நூல். 'சப்பார்' என்றால் முடிதிருத்துபவர். 'ஸ்ஃபார்' என்றால் எல்லைப்புறம். தனியே நிற்கையில் எது என்று யாரால் சொல்ல முடியும்? முன்னால் வீடு என்னும் 'பேத்' வந்தால் 'பேத் சேஃபெர்', அதாவது நூலின் வீடு, பள்ளிக்கூடம். சிற்றூரைக் குறிக்கும் சொல் வந்தால் எல்லைப்புறச் சிற்றூர். எனவே, துணையறியாதவன் நடை குன்றுவதோடு நில்லாமல், எழுத்தைப் படிக்கவும் தடுமாறுவான். அத்தொடர்க்குத் தனி இலக்கணமும் உண்டு: பன்மை முதற்சொல்லில் ஏறும், சுட்டிக்காட்டும் 'ஹ' இரண்டாம் சொல்லில் ஏறும்.

இதிலும் அளவு வேண்டும். 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் சிலர் விவிலியத் தொடர்களையே கோத்துக் கோத்து எழுதினர். 'மெலித்சா' எனப்பட்ட அந்நடையில் அன்றாட வாழ்வைச் சொல்ல முடியாமற் போயிற்று. 1853இல் வெளிவந்த மாப்புவின் 'அஹவத் சியோன்' புதினத்துக்கு விவிலிய மொழி பொருந்தியது; கதையே எசாயா தீர்க்கர் காலத்தது. தம் காலத்து ஏழை எளியவரைப் பேசவைக்க எண்ணிய மெண்டலே, 1886 முதல் எழுதிய கதைகளில் மிஷ்னா மொழியையும் பிற அடுக்குகளையும் கலந்தே வழி கண்டார். வழக்கிழந்த தொடர்களை அடுக்கி மாணவர் கட்டுரையை 'அழகு' செய்யும் நம்மவர் சிலரும் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

கற்கும் முறைக்கு வருவோம். சொல்லுக்கு நேர்ப்பொருள் எழுதிய பட்டியலை நான் பெரிதும் நம்புவதில்லை. 1948 முதல் 1952 வரை முதற்பதிப்பாக வந்த எவன்-ஷோஷானின் அகராதி, சொல்லின் கீழ் அதனோடு வரும் தொடர்களையும் தருகிறது. குறிப்பேட்டில் 'வரி' என்று மட்டும் எழுதாமல், 'ஒருவர்மேல் வரி இட்டான்' என்று வினையும் உருபும் சேர எழுதிக்கொள்க. நாள்தோறும் செய்தித்தாளில் ஒரு பெயர்ச்சொல்லை எடுத்து, அது எவ்வெவ் வினையோடு வருகிறது எனப் பார்த்து வருக. கடிதத்தின் தலைப்பில் 'மாண்புக்கு' எனும் 'லிக்வோத்', அடியில் 'மிக்க மாண்புடன்' எனும் 'பெகவோத் ரவ்': இவ்விரண்டையும் முதல் வாரத்திலேயே கற்கலாம். இடையில் எழுத வேண்டியவற்றுக்குத்தான் ஆண்டுகள் பிடிக்கும்.