மாட்டுத் தோலின் வயது

கன்றின் தோலையும் கிழமாட்டின் தோலையும் மயிர் நீக்கி அருகருகே விரித்தால் ஒரு வேறுபாடு உடனே தெரியும். கன்றின் தோலில் மயிர்க்கால் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். கிழமாட்டின் தோலில் விலகி நிற்கும். காரணம் எளிது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே மயிர்க்கால்கள் அனைத்தும் உருவாகிவிடுகின்றன. பிறந்த பின் தோலின் பரப்பு பல மடங்கு விரிகிறது, மயிர்க்கால்கள் பெருகுவதில்லை. மயிர்க்கால் ஒவ்வொன்றுடனும் ஒரு வியர்வைச் சுரப்பி சேர்ந்திருப்பதால், அவையும் அதேபோல் விலகிவிடுகின்றன.

மேலே இருக்கும் மேல்தோல் மிக மெல்லியது. தோலின் தடிமனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். அதன் கீழே உள்ள அடித்தோலே உண்மையான வலு. சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரையும் மேல்தோலையும் நீக்கிய பின், ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் பதனிடப்படுவது இந்த அடித்தோல்தான். இதன் மேற்பகுதியில் மெல்லிய இழைகளுக்கு நடுவே மயிர்வேர்களும் சுரப்பிகளும் இருக்கின்றன. கீழ்ப்பகுதியில் கொலாஜன் புரதத்தின் தடித்த கற்றைகள், கயிற்றுக் கட்டில் பின்னல்போல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கன்று வளரும்போது தடிப்பது பெரும்பாலும் இந்தக் கீழ்ப்பகுதியே. அதனால்தான் கன்றுத் தோல் மெல்லியதாகவும் வழவழப்பாகவும், வளர்ந்த மாட்டுத் தோல் கனமாகவும் இருக்கிறது.

வயது கூடுவதன் ஆழமான மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. புதிய கொலாஜன் இழைகளை இணைக்கும் பிணைப்புகள் அமிலத்திலும் வெப்பத்திலும் எளிதில் அறுந்துவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவை எளிதில் அறாத பிணைப்புகளாக முதிர்கின்றன. முதிர்ந்த தோலிலிருந்து ஜெலட்டின் எடுப்பவர்கள் அதை வாரக்கணக்கில் சுண்ணாம்பில் ஊறவைப்பது இதனால்தான். தோலுக்கு உறுதி தரும் இதே பிணைப்புதான் அதை விறைப்பாக்கி, நெகிழ்வைக் குறைக்கிறது.

மாடு வளர்ப்பவர்கள் இதை அவசியம் தெரிந்திருக்க வேண்டும். கழிச்சல் கண்ட கன்றின் உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்று அறிய, கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விடுவார்கள். நலமாக இருந்தால் இரண்டு விநாடிக்குள் தோல் படிந்துவிடும். நீர் வற்றியிருந்தால் மடிப்பு அப்படியே நிற்கும். ஆனால் வயதான, மெலிந்த மாட்டில் நீர் போதுமான அளவு இருந்தாலும் மடிப்பு மெதுவாகவே படியும். தோலடிக் கொழுப்பு குறைந்திருப்பதும் இதற்கு ஒரு காரணம். எனவே கிழமாட்டுக்குக் கிள்ளிப் பார்ப்பது மட்டும் போதாது. ஈறு ஈரமாக இருக்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, மூத்திரம் வழக்கம்போல் போகிறதா என்பதையும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.