வாட்ச் பெரிசா... கை சின்னதா?

வத்தலக்குண்டில் பஸ் ஏறும்போது கச்சிதமாக இருந்த வாட்ச், கொடைக்கானலில் இறங்கும்போது மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு அடிப்பக்கம் போய்விடுகிறதா? வாட்சைத் திட்டாதீர்கள். கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். குளிரில் தோலை ஒட்டிய ரத்தக்குழாய்கள் சுருங்கும், கையும் லேசாக இளைக்கும். சமவெளி வெயிலில் அதே கை உப்பும். ஸ்ட்ராப்பில் ஒரு துளை இறுக்கினால் சரியாகிவிடும்.

ஒரு துளை இறுக்கியும் அடங்கவில்லையா? அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். வாட்ச் உங்கள் கைக்குப் பெரிசு.

கடையில் எல்லோரும் கேட்பது ‘எத்தனை எம்.எம்.?’ என்றுதான். அது டயலைச் சுற்றிய கூட்டின் அகலம். அதைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு. ஸ்ட்ராப் மாட்டுவதற்காகக் கூட்டின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளைப் பாருங்கள். மேல் கொம்பின் நுனியிலிருந்து கீழ்க் கொம்பின் நுனி வரை உள்ள நீளம், உங்கள் மணிக்கட்டின் மேல்புறத் தட்டையான அகலத்துக்குள் அடங்க வேண்டும். அந்த அகலம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நுனிக்கு நுனி 47 உள்ள 40 எம்.எம். வாட்ச் பாந்தமாக உட்காரும். அதே 40 எம்.எம். வேறு மாடலில் நுனிக்கு நுனி 52 இருந்தால், கொம்பு கையைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும்; ஸ்ட்ராப் கையோடு ஒட்டாமல் செங்குத்தாகத் தொங்கும்.

அடுத்தது கனம். மலையில் ஸ்வெட்டரோ ஜெர்கினோ இல்லாமல் வெளியே போக முடியாது. கைப்பட்டி வாட்ச் மேல் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு முறை மணி பார்க்கவும் துணியை இழுத்துப் பிடித்து மல்லுக்கட்டினால் அது தடிமன் அதிகமான வாட்ச். நம் ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டைட்டன், ‘எட்ஜ்’ மாடலில் உள்ளே இருக்கும் இயந்திரத்தை வெறும் 1.15 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவந்தது இந்த வகையில் பெரிய சமாச்சாரம்.

பைக்கில் மலைப்பாதை ஏறுகிறவர்களுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. கிளட்ச் பிடிக்கும்போது சாவி கொடுக்கும் திருகு புறங்கையில் குத்தித் தடம் பதிக்கிறதா? கழற்றிவிடுங்கள்.

பெரிய வாட்ச் எல்லாமே பந்தா என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்களில் வழி கணிப்பவர்கள் கட்டிய வாட்ச் 55 மில்லிமீட்டர். ஆனால், அதைக் கட்டியது தடித்த ஜாக்கெட்டின் கைக்கு மேலே! இந்தக் காரணம் இல்லாத நாம் ஏன் கட்ட வேண்டும்? அப்பா காலத்து ஹெச்.எம்.டி. ‘ஜனதா’ சுமார் 35 மில்லிமீட்டர்தான். அதைக் கட்டிக்கொண்டு போனால் இன்றைய பையன்கள் ‘லேடீஸ் வாட்சா?’ என்கிறார்கள். மாறியது ஃபேஷன், ஆண்களின் மணிக்கட்டு அல்ல.

ஸ்மார்ட் வாட்ச் என்றால் அழகோடு விஷயம் முடியாது. அதன் அடியில் மினுக்கும் பச்சை வெளிச்சம்தான் தோலுக்குள் ஓடும் ரத்தத்தை வைத்து நாடித்துடிப்பைக் கணிக்கிறது. வாட்ச் பெரிதாகி இடைவெளி விழுந்தால் கணக்கு தப்பும். குளிரில் தோலுக்கு வரும் ரத்தமும் குறைவதால் இன்னும் தடுமாறும். வட்டக்கானலிலிருந்து டால்ஃபின்ஸ் நோஸுக்குப் போகும்போது இறக்கம், திரும்பும்போது மூச்சு வாங்கும் ஏற்றம். நெஞ்சு அடைக்கிறது, தலை சுற்றுகிறது என்றால், வாட்ச் ‘நார்மல்’ காட்டினாலும் நம்பி நடக்காதீர்கள். உட்காருங்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள். ஒல்லியான கை உள்ள பெண்களும் பெரியவர்களும் ஒரே மாடலில் சின்ன சைஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அளவு மேலே, அசையாமல் கட்ட வேண்டும்.

வாங்கும்போது கையை முகத்துக்கு அருகில் வைத்து செல்போனில் படம் எடுத்து முடிவு செய்யாதீர்கள். கிட்டத்தில் எடுத்தால் எந்த வாட்சும் பூதமாகத் தெரியும். கண்ணாடி முன் நான்கடி தள்ளி நின்று, கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

மாப்பிள்ளைக்கு செயின் வாட்ச் எடுக்கும் வீட்டுக்காரர்கள், அளவுக்காகக் கழற்றிய கண்ணிகளை மறக்காமல் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஜனவரி கொடைக்கானலில் கழற்றியது, மே மாத மதுரையில் தேவைப்படும்.