வினைச்சொல் வயல் – 9: தண்ணி கட்டுகிறவர் எதைக் கட்டுகிறார்?

1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற குட்டி வினைக்குத்தான். நானூறுக்கும் மேற்பட்ட பொருள்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் 'கட்டு' என்ற வினையை எண்ணத் தொடங்கினால் இந்த மலைப்பு கொஞ்சம் குறையும். வரப்பு, கதிர், தாலி, கோயில், தவணை, கதை என்று எல்லாவற்றையும் கட்டுகிறோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் இவற்றுக்கு எண் போட்டு அடுக்குகிறது. அடுக்குவது அகராதியின் வேலை. அதைப் பார்த்து, ஒவ்வொரு பொருளும் தனித்தனியே பிறந்தது என்று முடிவு கட்டுவது தவறு (முடிவையும் கட்டத்தான் செய்கிறோம்). ஓடிப்போகக்கூடியதை ஓர் எல்லைக்குள் நிறுத்துவது என்ற ஒரே வேலைதான் இத்தனை வேடம் போடுகிறது.

அப்படியானால் வயலுக்குத் தண்ணி கட்டுவது? திறந்துவிடுவதைப் போய்க் 'கட்டுவது' என்று சொல்லலாமா? வேலையைக் கவனித்தால் விடை அங்கேயே இருக்கிறது. தண்ணி கட்டுகிறவர் மண்வெட்டியால் வாமடையை வெட்டுகிறார். நீர் பாயத் தொடங்கியதும் வரப்பைச் சுற்றி வருகிறார். நண்டு வளையில் கசிந்தால் சேற்றை அள்ளி அப்பி மிதிக்கிறார். வேண்டிய மட்டம் ஏறியதும் வாமடையை அடைக்கிறார். வெட்டியது நாலு வெட்டு. மற்ற நேரமெல்லாம் நீரை நிறுத்தும் பாடுதான். நெல்லுக்கு நீர் ஓடினால் போதாது, நிற்க வேண்டும். ஏரிப் பாசன ஊர்களில் இந்த வேலைக்காரருக்கு நீர்க்கட்டி என்றே பெயர். வெள்ளைக்காரர்களும் நம் அணைக்கட்டை 'அனிகட்' ஆக்கிக்கொண்டார்கள். கல்லணை அவர்களுக்குக் 'கிராண்ட் அனிகட்'. 1830களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் எழுப்பியது 'அப்பர் அனிகட்'. கட்டுமரமும் அப்படித்தான் 'கேட்டமரான்' ஆயிற்று.

பணம் கட்டுவதில் எதை நிறுத்துகிறோம் என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் நடவாளுக்கு நாம் கூலி கொடுக்கிறோம், கட்டுவதில்லை. உரக்கடையிலும் காசு கொடுக்கிறோம். கூட்டுறவுச் சங்கத்தில் தவணை, பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியம், பள்ளிக்கூடத்தில் ஃபீஸ், கோர்ட்டில் அபராதம்: இவையே கட்டப்படுபவை. தொகையும் கெடுவும் நம்மை முன்பே பிணைத்துவிட்ட இடத்துக்குத்தான் இந்த வினை வருகிறது. எதையும் எதோடும் முடிச்சுப் போட்டுவிடலாமே என்பவர்களுக்கும் இதுவே பதில்: வெறும் கற்பனை என்றால், 'கூலி கட்டினேன்' என்று ஏன் ஒருவரும் சொல்வதில்லை? திருவிழா களைகட்டுவது மட்டும் இதில் அடங்கவில்லை. அதை இழுத்துப் பிடித்து அடக்குவதைவிடத் தனியே விட்டுவிடலாம்.

அறுத்த கதிர்க்கட்டை ஓங்கி அடித்து நெல் உதிர்ப்பது கட்டடி; அடித்த தாளில் ஒட்டியிருப்பதை மாடு விட்டு மிதிக்கவைப்பது போரடி. அறுவடை இயந்திரம் வந்தபின் இரண்டும் டெல்டாவில் அரிதாகிவிட்டன. இப்போது கட்டு என்றால் இயந்திரம் சுருட்டிப் போடும் வைக்கோல் கட்டு. உங்கள் ஊரில் 'கட்டு' சேர்ந்த வேலைச் சொற்கள் இருந்தால், எந்த வேலை, எந்தக் கருவி என்ற விவரத்தோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் 'விடு'.