லாண்ட்ரோவர்: பண்ணைக்கென்று பிறந்த வண்டி

இரண்டாம் உலக யுத்தத்திற்குப்பின், பிரிட்டனின் ரோவர் கம்பெனியில் பொறியியல் தலைவராயிருந்த மாரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்ஸி தீவிலிருந்த தமது பண்ணையில் ராணுவம் கழித்துவிட்ட அமெரிக்க ஜீப் ஒன்றை உபயோகித்து வந்தார். அது தேய்ந்தால் ஈடாக வாங்கப் பிரிட்டனில் அத்தகைய வண்டி இல்லை. அக்குறையே லாண்ட்ரோவருக்கு வித்தாயிற்று. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியாயிற்று.

அக்காலத்தில் எஃகு கிடைப்பது அரிது. ஆகவே மேற்கூட்டை அலுமினியக் கலவைத் தகட்டால் அமைத்தனர். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும். அதே என்ஜினின் விசையைக் கொண்டு பண்ணை யந்திரங்களையும் இயக்கலாம்.

சொந்தக்காரர்களின் அனுபவம் இருவகைப்பட்டது. தகடுகள் பெரும்பாலும் மறையாணிகளால் பூட்டப்பட்டவை. நசுங்கியதைக் குடியானவர் தாமே கழற்றி மாற்றலாம். ஆனால் மழைநீர் உள்ளே ஒழுகும். அலுமினியம் துருவேறாது, அடிச்சட்டமோ எஃகு. அதனுள் தங்கும் ஈரமும் சேறும் கண்ணுக்குத் தெரியாமல் அரித்துவிடும். மேற்பூச்சைக் கண்டு பழைய வண்டியை வாங்கி, பின்னர் அடிச்சட்டம் முழுவதையும் மாற்ற நேர்ந்தவர் பலர். துத்தநாகம் பூசிய சட்டத்தைப் பொருத்துவோரும் உண்டு.

2008-இல் டாட்டா மோட்டார்ஸ் இந்நிறுவனத்தை வாங்கிற்று. பழைய அமைப்பின் வழிவந்த டிபெண்டர் வண்டியின் உற்பத்தி, 2016 ஜனவரியில் சாலிஹல் தொழிற்சாலையில் நின்றது.

கடன் பெற்று யந்திரம் வாங்கும் நாம் இதனின்று அறிவது யாது? பழுது பார்த்தல் நம் கைக்கு எட்டுமா, உதிரிப்பாகம் கிடைக்குமா என்று முதலில் விசாரிப்போம். வர்ணத்தைப் பாராமல், குனிந்து அடிச்சட்டத்தைப் பார்ப்போம்.