இணையதளம் மேகத்தில் இயங்குவது எப்படி?

மேகக் கணிமை என்ற பெயர் வானத்தை நினைவூட்டினாலும், அதில் இயங்கும் இணையதளம் ஏதோ ஓர் ஊரின் தரவு மையத்தில்தான் இருக்கிறது. வழக்கமான முறையில் ஒரு தளம் ஒரே சர்வரை நம்பி நிற்கும். மேகத்திலோ பல சர்வர்களின் திறனை மென்பொருள் மெய்நிகர் கணினிகளாகப் பகுத்துத் தருகிறது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் கூட்டம் பெருகினால் கூடுதல் கணினிகள் சில நிமிடங்களில் சேரும். கூட்டம் கலைந்ததும் விலகும். பயன்படுத்திய அளவுக்கே கட்டணம். அமேசான் 2006இல் இம்முறையில் சேவை தரத் தொடங்கியது.

இத்தகைய சேவை தரும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கையில் முதலில் பார்க்க வேண்டியது தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும்; அதனால் சென்னை வாசகருக்கு அமெரிக்க மையத்தைவிட மும்பை மையம் விரைவாகப் பதில் தரும். அடுத்தது இயங்குநேர உறுதி. 99.9 விழுக்காடு என்பது கேட்க நிறைவாக இருக்கும். ஆனால் ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் தளம் முடங்க அது இடம் தருகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் காப்புநகல். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, நகலையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் தரவை அடியோடு இழந்தனர். நகல் வேறோர் ஊரில் இருக்க வேண்டும். அதை அவ்வப்போது மீட்டெடுத்துச் சோதிக்கவும் வேண்டும்.