பைத்தியமும் தூக்குமேடையும்

பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த பனித்திட்டு போன்ற கடலோரக் கிராமங்களில், கோடை இரவில் திண்ணையிலும் மணலிலும் அச்சமின்றிப் படுத்துறங்குவோர் பலர். ஏழையின் உறக்கத்துக்குப் பூட்டும் தாழும் காவலல்ல. ஊரின் அமைதியே காவல். 1968ஆம் ஆண்டில் பம்பாய் நகரில் அந்தக் காவல் குலைந்தது. குடிசைகளிலும் நடைபாதைகளிலும் உறங்கிய எளிய ஜனங்கள் இரவோடிரவாகத் தலையில் அடிபட்டு மாண்டனர். இன்னாருக்கு இன்னார் பகைவர் என்று சொல்வதற்கும் இடமில்லை. காரணம் விளங்காத கொலையைப்போல் ஜனங்களைக் கதிகலங்கச் செய்வது வேறொன்றில்லை.

இது பம்பாய்க்குப் புதிதுமன்று. 1965-66இல் கிழக்குப் புறநகர்களில், ரயில் பாதையை ஒட்டிய பகுதிகளில், இவ்வாறே 19 பேர் தாக்கப்பட்டு அவர்களில் 9 பேர் இறந்தனர். அப்பொழுது ராமன் ராகவ் என்பவன் சந்தேகத்தின்பேரில் பிடிக்கப்பட்டு, சாட்சியமின்மையால் விடப்பட்டான். தம்பி, அண்ணா, வேலுசுவாமி என்ற பெயர்களும் அவனுக்கு உண்டு. 1968இல் துப்பறியும் பொறுப்பை ஏற்ற ரமாகாந்த் குல்கர்ணிக்குத் துணை நின்றவை பழைய தஸ்தாவேஜுகளே. அவற்றிலிருந்த படத்தைக் கண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டர் அலெக்ஸ் ஃபியால்ஹோ, ஆகஸ்டு மாதத்தில் அவனை அடையாளங்கண்டு பிடித்தார். நெடுநேரம் வாய் திறவாதிருந்தவன், விரும்பிய கோழிக்கறி கிடைத்தபின் பேசத் தொடங்கினான். ஆயுதத்தை ஒளித்த இடத்தையும் தானே காட்டினான். 41 பேரைக் கொன்றதாகச் சொன்னான். சித்தம் கலங்கியவன் கூறும் கணக்கை அப்படியே ஏற்கலாகாது. எனினும் அவன் கையில் மாண்டவர் பலர் என்பதில் ஐயமில்லை.

செஷன்ஸ் நீதிமன்றம் 1969இல் மரண தண்டனை விதித்தது. அவன் அப்பீல் செய்ய மறுத்துவிட்டான். ஆயினும் உயர் நீதிமன்றம் வாளாவிருக்கவில்லை. மனநோய் வைத்தியர் மூவரைக் கொண்டு அவனைப் பரிசோதிக்கச் செய்தது. தீராத சித்தப்பிரமை கொண்டவன் என்பது அவர்கள் முடிவு. தண்டனை ஆயுட்காலச் சிறையாகக் குறைக்கப்பட்டது. ஏரவாடாச் சிறையில் வைக்கப்பட்டிருந்த அவன், 1995இல் புனா ஆஸ்பத்திரியில் நோயால் இறந்தான்.

“இத்தனை உயிர்களைக் குடித்தவனுக்கு இரக்கமா?” என்று கேட்போர் உளர். மாண்டவர்களின் மக்கள் கேட்டால் அதற்கு நாம் தலைவணங்குவோம். ஆனால் உடன்பட மாட்டோம். தான் செய்வது தவறென்று அறியும் ஆற்றலை நோயினால் இழந்தவன் குற்றவாளியல்லன் என்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84வது பிரிவு. இப்பொழுது அமலிலுள்ள நியாய சம்ஹிதையின் 22வது பிரிவும் அதுவே. பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுவை அறிந்த 1810ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64வது பிரிவும் இதையே சொல்லிற்று. பகைமை பூண்ட இரு சாம்ராஜ்யங்களும் இவ்விஷயத்தில் ஒரே குரலில் பேசியது காரணமின்றியன்று. பித்தனைத் தூக்கிலிட்டால் அது தண்டனையாகாது. நமது அச்சத்துக்குக் கொடுக்கும் பலியேயாகும். அத்தகையவனை ஊரில் உலவவிட வேண்டுமென்பதும் இதன் பொருளன்று. கட்டுக்காவலில் வைத்துச் சிகிச்சை செய்வதே அரசின் கடமை.

சாட்சியமில்லாதவனை 1966இல் விட்டது சட்டப்படி சரியே. ஆனால் சிறைக்கொரு கதவும் தெருவுக்கொரு கதவும் மட்டும் உள்ள போலீஸ் நிலையம் குறையுடையது. வைத்தியசாலைக்குச் செல்லும் மூன்றாவது கதவும் அதற்கு வேண்டும். அக்கதவை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. மனநோயால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாமல் அலைவோரையும், அந்நோயால் தமக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கக் கூடியவரையும் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசாங்க வைத்தியசாலையில் சேர்க்கும் கடமையை அதன் 100வது பிரிவு போலீஸார்மீது சுமத்துகிறது. மனநோயாளர் அனைவரும் கொலைபாதகர் அல்லர். பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்யாதவர். அடிபடுகிறவர்களேயன்றி அடிக்கிறவர்கள் அல்லர். ஆகவே, தெருவில் தனக்குத்தானே பேசித் திரிபவன்மீது கல்லெறிவதை விடுத்து, அவனை வைத்தியரிடம் சேர்க்கும்படி நிலைய அதிகாரியை வற்புறுத்துவது கிராம ஊழியர்களின் கடமை. திண்ணையில் உறங்குவோருக்கு அதுவே மெய்யான காவல்.